கம்பியும் கடிதமும் – 11: சாக்கின்மேல் எழுதிய மார்க்

காதர்பேட்டையில் பண்டல் போடுவதைப் பார்க்க வேண்டுமென்றால் மாலையில் போக வேண்டும். திருப்பூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். பகலெல்லாம் பேரம் பேசி முடித்த சரக்கு அந்த நேரத்தில்தான் கட்டுக்குள் போகும். ஒவ்வொரு பனியனும் முதலில் பாலி கவருக்குள் போகிறது. கவர் போட்ட பீஸ்கள் எண்ணி அட்டைப்பெட்டிக்குள். பெட்டிகள் அடுக்காகச் சாக்குக்குள். ஒருவர் முழங்காலால் சாக்கை அழுத்திக்கொண்டே கோணி ஊசியால் வாயைத் தைப்பார். தைத்து முடித்ததும் தடித்த மார்க்கர் பேனா வரும். வாங்குபவரின் மார்க் மூன்றெழுத்து, அதன்கீழ் ஊர்ப் பெயர், அதற்கும் கீழே ‘5-ல் 3’ என்று பண்டல் எண்.

லோடுமேன் வந்து நிற்பார்.

“எந்த ஊருங்கண்ணா?”

“பாட்னாங்க. அஞ்சு பண்டல்.”

பேச்சு அவ்வளவுதான். உள்ளே இருப்பது ஆர்.என். பனியனா, குழந்தைகள் டி-ஷர்ட்டா, ஏற்றுமதியில் மிஞ்சிய சர்ப்ளஸா என்று அவர் கேட்பதில்லை. லாரி ஆபீஸில் எல்.ஆர். என்ற லாரி ரசீது போடுபவரும் சாக்கைப் பிரிப்பதில்லை. ஊரையும் எண்ணிக்கையையும் பார்த்து எல்.ஆர். எழுதுகிறார், அந்த எல்.ஆர். எண்ணைச் சாக்கின் ஓர் ஓரத்தில் தன் கையால் ஒருமுறை எழுதிவிடுகிறார். கடைக்காரர் எழுதிய மார்க் கடைக்காரருக்கும் பாட்னா வியாபாரிக்கும் உள்ள சங்கதி. லாரி ஆபீஸ் எழுதிய எண் அந்த லாரி ஆபீஸுக்கும் அதன் பாட்னா கிளைக்கும் உள்ள சங்கதி. ஒரே சாக்கின்மேல் இருவர் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் எழுத்தில் மற்றவர் கைவைப்பதில்லை.

இந்த அத்தியாயம் முழுக்க அந்தச் சாக்கைப் பிடித்துக்கொண்டுதான் போகப்போகிறோம்.

சென்ற அத்தியாயத்தை டெலக்ஸில் நிறுத்தியிருந்தேன். 1925 வாக்கில் குலாம் காதர் தொடங்கிய பனியன் கம்பெனியிலிருந்து இந்த ஊரின் பின்னலாடைக் கதையைத் தொடங்குவது வழக்கம். அதுபோல ஏற்றுமதிக் கதையை 1978-ல் இத்தாலியிலிருந்து வெள்ளை டி-ஷர்ட் தேடி வந்த வெரோனா என்ற இறக்குமதியாளரிடமிருந்து தொடங்குவார்கள். அடுத்த சில ஆண்டுகளில் நேரடி ஏற்றுமதி வேர்விட்டது. மிலானிலும் ஹாம்பர்க்கிலும் இருக்கும் பையரோடு பேச டெலக்ஸ் தேவைப்பட்டது.

டெலக்ஸ் நல்ல கருவி. இங்கே அடித்தது கம்பி வழியே போய் அங்கே அச்சாகும். நொடிக்கு 50 பிட் வேகம். காகித நாடாவில் ஓர் எழுத்துக்கு 5 துளை. நிமிடத்துக்கு 400 எழுத்து. மறுமுனை எந்திரத்திடம் ‘நீ யார்’ என்று கேட்டால் அது தன் பெயரைத் தானே அடித்துக் காட்டும். அந்தப் பதில்குறி தாளில் விழுந்துவிட்டால் செய்தி போய்ச் சேர்ந்தது என்பதற்கு அதுவே சாட்சி. ஆர்டரும் வங்கி எல்.சி. விவரமும் ஷிப்மென்ட் தேதியும் அந்தத் தாள்களில் வந்தன. வியாபாரம் அந்தக் காகிதத்தை நம்பி நடந்தது.

ஆனால் டெலக்ஸில் எல்லாமே ஒரே கட்டி. கம்பி, வேகம், எழுத்துமுறை, இணைக்கும் எக்ஸ்சேஞ்ச், அச்சடிக்கும் எந்திரம் எல்லாம் ஒன்றோடொன்று பற்றவைத்தது போல. ஐந்து துளையில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் எண்ணும் சில குறிகளும்தான் அடங்கும். சின்ன எழுத்து வேண்டுமா? எழுத்துமுறையை மாற்ற வேண்டும். அதை மாற்றினால் எந்திரத்தை மாற்ற வேண்டும். உங்கள் எந்திரத்தை மட்டும் மாற்றினால் உலகத்தில் உள்ள மற்ற எந்திரங்களோடு பேச முடியாது. டிசைன் படம் அனுப்ப வேண்டுமா? டெலக்ஸில் வழியே இல்லை. அதற்கு ஃபேக்ஸ் வந்தது. அது டெலக்ஸ் வலையில் வரவில்லை, தொலைபேசி வலையில் வந்தது. தந்திக்கு ஒரு வலை, டெலக்ஸுக்கு ஒரு வலை, பேச்சுக்கு ஒரு வலை. ஒவ்வொரு சேவைக்கும் ஒரு தனிச்சாலை போட்டு, அந்தச் சாலையில் அந்த வண்டி மட்டும் ஓடலாம் என்று வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி. சாலை போனால் வண்டியும் போயிற்று. இந்தியாவில் தந்தி 2013 ஜூலையில் நின்றபோது அதோடு சேர்ந்து ஒரு முழு உலகமே நின்றது. அதில் எடுத்து வேறிடத்தில் பொருத்திக்கொள்ள எந்தப் பாகமும் இல்லை.

இந்தக் கட்டியை உடைத்ததுதான் இன்றைய கதை. உடைத்தவர்கள் துணி வியாபாரிகள் அல்ல. ஆனால் அவர்கள் செய்த வேலையைக் காதர்பேட்டை லோடுமேனுக்கு விளக்கினால் ஒரு நிமிடத்தில் புரிந்துகொள்வார். விளக்கத்தான் முயல்கிறேன்.

1969 அக்டோபர் 29 அன்று கலிஃபோர்னியாவில் இரண்டு கணினிகளுக்கிடையே முதல் செய்தி போன ஆர்பாநெட் வலையை முன்பே பார்த்தோம். எழுபதுகளின் தொடக்கத்தில் அதோடு வேறு வலைகளும் வந்துவிட்டன. வானொலி அலையில் பாக்கெட் என்ற செய்தித் துண்டுகளை அனுப்பும் வலை ஒன்று, செயற்கைக்கோள் வழி அனுப்பும் வலை ஒன்று. ஒவ்வொன்றுக்கும் வேகம் வேறு, பாக்கெட் அளவு வேறு, பிழை நேரும் விதம் வேறு. இவற்றை எப்படி இணைப்பது? ஒரே மாதிரி மாற்றி அமைக்கலாம் என்றால் நடக்காது. யாரும் தன் வலையை இன்னொருவருக்காக இடித்துக் கட்ட மாட்டார்.

கணினி வலை ஆய்வாளர்கள் வின்ட் செர்ஃபும் பாப் கானும் 1974 மே மாதம் வெளியிட்ட கட்டுரையில் வேறு வழி சொன்னார்கள். எந்த வலையையும் மாற்ற வேண்டாம். எல்லா வலையும் தூக்கக்கூடிய ஒரு பொதுச் சாக்கு தைப்போம். வலைக்கும் வலைக்கும் நடுவில் நிற்கும் எந்திரம் (இன்றைய ரூட்டர்) சாக்கின்மேல் உள்ள முகவரியை மட்டும் படித்து அடுத்த வலைக்கு மாற்றிவிடட்டும். சரியாகப் போய்ச் சேர்ந்ததா, வரிசை கலைந்ததா, ஏதாவது தொலைந்ததா என்பதைப் பற்றியெல்லாம் வழியில் நிற்பவர்கள் கவலைப்பட வேண்டாம். அனுப்பியவரும் வாங்கியவரும் பார்த்துக்கொள்வார்கள். இதுதான் டி.சி.பி. அந்த ஆண்டு டிசம்பரில் அதன் முதல் முழு விவரக்குறிப்பை செர்ஃபோடு சேர்ந்து எழுதிய இருவரில் ஒருவர் யோகேன் தலால், மும்பை ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டு ஸ்டான்ஃபோர்டு போனவர். இந்த அடித்தளத்தில் ஓர் இந்தியக் கையும் இருந்தது என்பதைப் பாடநூல்கள் சொல்லாமல் கடந்துவிடுகின்றன, சொல்ல வேண்டும்.

1977 நவம்பர் 22. சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் நெடுஞ்சாலையில் ஒரு வேன் ஓடிக்கொண்டிருக்கிறது. வேனுக்குள் இருந்த கருவி வானொலி வலையில் பாக்கெட்டுகளை அனுப்புகிறது. அவை அங்கிருந்து ஆர்பாநெட்டுக்கு மாறி, அட்லாண்டிக்கைத் தாண்டி லண்டன் போய், செயற்கைக்கோள் வலையில் ஏறித் திரும்பி, மறுபடி ஆர்பாநெட் வழியாக லாஸ் ஏஞ்சலஸ் அருகே உள்ள கணினியை அடைந்தன. வேன், கம்பி, விண்வெளி. மூன்று வகைச் சாலை, ஒரே சாக்கு.

அப்போதும் ஒரு குறை இருந்தது. முகவரி பார்த்து அனுப்புவதும், தொலைந்ததை மீண்டும் அனுப்பி வரிசைப்படுத்துவதும் டி.சி.பி. என்ற ஒரே நிரலுக்குள் கலந்து கிடந்தன. லாரி ஆபீஸும் கடையும் ஒரே கல்லாவில் உட்கார்ந்த மாதிரி. அந்த 1977-லேயே வலை ஆய்வாளர் ஜான் போஸ்டல் இது தப்பு, இரண்டையும் பிரிக்க வேண்டும் என்று எழுதினார். இன்னோர் ஆய்வாளர் டேனி கோஹன் வேறு பக்கத்திலிருந்து அதையே வற்புறுத்தினார். அவருக்கு வலை வழியாகக் குரலை அனுப்ப வேண்டும். குரலில் ஒரு துண்டு தொலைந்தால் தொலைந்ததுதான். அதைத் திரும்பக் கேட்டு வாங்கி வைக்கும்வரை பேச்சை நிறுத்திவைத்தால் பேச்சே கெட்டுப்போகும். தொலைந்ததைத் தேடும் வேலையை எல்லோர் தலையிலும் கட்டாதீர்கள் என்றார். 1978-ன் தொடக்கத்தில் பிரித்தார்கள். கீழே ஐ.பி.: முகவரி பார்த்து அடுத்த இடத்துக்குத் தள்ளுவது மட்டும் அதன் வேலை. மேலே டி.சி.பி.: எண் போடுவது, ஒப்புகை வாங்குவது, வராததை மறுபடி அனுப்புவது. ஒப்புகையே வேண்டாதவர்களுக்கு யு.டி.பி. என்ற இன்னொரு மெல்லிய உறை. இன்று காதர்பேட்டைக் கடையிலிருந்து வாட்ஸ்அப்பில் வீடியோ கால் போட்டு வெளியூர் வியாபாரிக்குத் துணியைத் திருப்பிக் காட்டும்போது, படம் ஒரு கணம் சிதறிவிட்டுத் தானே சரியாகிறதே, அது கோஹன் கேட்டு வாங்கிய சலுகை.

புதிய முறைகளின் விவரக்குறிப்பு 1981 செப்டம்பரில் வந்தது. 1983 ஜனவரி 1 அன்று ஆர்பாநெட் முழுவதும் பழைய முறையை விட்டு இதற்கு மாறியது.

இனி ஒரு மெயிலைப் பிரித்துப் பார்ப்போம். 1990-களின் பிற்பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். திருப்பூரில் ஓர் அலுவலகம், பிரின்ட் டிசைன் படம் ஒன்றை பையருக்கு அனுப்புகிறது. படம் 5 லட்சம் பைட். மெயில் என்பது ஆங்கில எழுத்துகளைச் சுமக்கப் பிறந்த அடுக்கு. அதற்குள் படத்தை அப்படியே போட முடியாது. ஆகவே 1992-ல் வந்த மைம் என்ற முறை படத்தை எழுத்துகளாக மாற்றுகிறது. மாற்றியதும் மூன்றில் ஒரு பங்கு பெருகும். ஏறக்குறைய 6 லட்சத்து 67 ஆயிரம் பைட். இது மேலடுக்கு. பாலி கவர் போட்டாயிற்று.

அடுத்தது டி.சி.பி. அது இந்த நீள எழுத்துச்சரத்தைத் துண்டு போடுகிறது. ஒரு துண்டுக்கு 1,460 பைட் என்றால் 450-க்கும் மேற்பட்ட துண்டுகள். ஒவ்வொன்றின் தலையிலும் 20 பைட் ஹெடர். அதில் இது எத்தனையாவது பைட்டிலிருந்து தொடங்குகிறது என்ற எண் இருக்கும். நம் ‘5-ல் 3’ அதுதான். இந்த எண்ணைப் போடுவது அனுப்புகிற கணினி, படிப்பது வாங்குகிற கணினி. வழியில் நிற்கும் எந்த ரூட்டருக்கும் இதில் வேலை இல்லை. ஒப்புகை வரும்வரை அனுப்பிய துண்டின் நகலை அனுப்பியவர் தூக்கிப் போடுவதில்லை. குறிப்பிட்ட நேரத்தில் ஒப்புகை வராவிட்டால் அதே துண்டு மறுபடி போகும். “மூணாம் நம்பர் பண்டல் வந்து சேரலைங்க” என்று பாட்னாவிலிருந்து போன் வந்தால் கடைக்காரர் என்ன செய்வாரோ அதே. ஒரு வித்தியாசம்: அவரிடம் இன்னொரு மூன்றாம் பண்டல் தயாராக இருக்காது, டி.சி.பி.யிடம் எப்போதும் இருக்கும்.

அதற்கு வெளியே ஐ.பி. இன்னொரு 20 பைட் ஹெடர். அனுப்புபவர் முகவரி, பெறுபவர் முகவரி, 32 பிட் வீதம். அதோடு ஆயுள் எண் ஒன்று. ஒவ்வொரு ரூட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும். பூஜ்யம் ஆனால் பாக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிடும். வழிதவறிய பாக்கெட் உலகத்தை முடிவில்லாமல் சுற்றிச் சாலையை அடைத்துவிடாமல் இருக்க இந்த ஏற்பாடு.

கடைசியில் கம்பியின் அடுக்கு. அலுவலகத்துக்குள் ஈதர்நெட் என்றால் அதற்கொரு உறை, டயல்-அப் மோடம் என்றால் அதற்கொரு உறை, கடலடிக் கேபிள் என்றால் அதற்கு வேறொன்று. இந்த உறை மட்டும் ஒவ்வொரு கட்டத்திலும் கழற்றி மாட்டப்படும். சாக்கு ஒரு லாரியிலிருந்து இறங்கி இன்னொரு லாரியில் ஏறும்போது லோடு ஷீட் மாறும், லாரி எண் மாறும், சாக்கின்மேல் ‘பாட்னா’ என்று எழுதியது மாறாது. நொடிக்கு 28,800 பிட் வேக மோடத்தில் நம் படம் போய்ச் சேர எல்லாம் சரியாக இருந்தாலும் 3 நிமிடத்துக்கு மேல் ஆகும். டெலக்ஸில் அது எத்தனை நாளானாலும் போயிருக்காது.

மறுமுனையில் பிரிப்பது தலைகீழ் வரிசை. கம்பி உறை, ஐ.பி., டி.சி.பி., மைம். கடைசியில் படம். ஒவ்வொரு அடுக்கும் தனக்கென்று எழுதியதை மட்டும் படித்துக் கிழித்துவிட்டு உள்ளே இருப்பதைத் தொடாமல் மேலே கொடுக்கிறது. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்த காலத்தில் தமிழில் மெயில் அனுப்பியவர்களுக்கு ஓர் அனுபவம் இருந்திருக்கும்: ஒருவர் ஒரு குறியேற்றத்தில் அடிப்பார், இன்னொருவர் கணினியில் வேறு எழுத்துரு இருக்கும், திறந்தால் குப்பையாகத் தெரியும். வலைமேல் பழி இல்லை. ஒரு பைட் குறையாமல் அது கொண்டு சேர்த்திருந்தது. சண்டை மேலடுக்கில் இருந்தது, மேலடுக்கில்தான் தீர வேண்டியிருந்தது. தீர்ந்தபோது கீழே ஒரு கம்பியையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

எத்தனை அடுக்கு என்பது பெரிய வழக்காக நடந்தது. சர்வதேசத் தரநிர்ணய அமைப்பு 1984-ல் ஓ.எஸ்.ஐ. என்ற 7 அடுக்கு மாதிரியை வெளியிட்டது. நம் பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி மாணவர்கள் இன்றும் தேர்வுக்கு வரிசையாக மனப்பாடம் செய்வது அந்த ஏழைத்தான். நடைமுறையில் நின்றது நாலு, ஐந்து அடுக்கிலேயே வேலையை முடித்த டி.சி.பி./ஐ.பி. என் எண்ணம், இந்த எண்ணிக்கையில் பொருள் இல்லை. மேலே இருப்பவர் கீழே இருப்பவர் என்ன தருவார் என்பதை மட்டும் தெரிந்துகொள்வது, எப்படித் தருகிறார் என்று துழாவாமல் இருப்பது. அதுதான் சாரம். அதை விட்டுவிட்டு ஏழு பெயரை ஒப்பிக்க வைப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம்.

இந்தியாவிலும் அந்த வழக்கு ஓடியது. மின்னணுவியல் துறை 1986-ல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு எர்நெட் என்ற கல்வி ஆய்வு வலையைத் தொடங்கியது. சென்னை உட்பட ஐந்து ஐ.ஐ.டி.கள், பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், மும்பையில் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், தில்லியில் மின்னணுவியல் துறை, ஆக எட்டு இடங்கள். மும்பை மையத்தின் இயக்குநராக இருந்து இதில் முன்னின்று உழைத்தவர் ஸ்ரீநிவாசன் ரமணி. முதலில் தொலைபேசியில் டயல் செய்து மெயில் மூட்டையை மாற்றிக்கொள்வது மட்டும். 1990-ல் 144.16 என்று தொடங்கும் முகவரித் தொகுதி கிடைத்தது. 1991 ஜனவரியில் தில்லிக்கும் மும்பைக்கும் நொடிக்கு 9,600 பிட் குத்தகைக் கம்பி. 1992-ல் மும்பையிலிருந்து அமெரிக்காவுக்கு 64,000 பிட் இணைப்பு. ஒரு நாட்டின் ஆய்வுலகம் முழுவதற்கும் அவ்வளவுதான் வாசல். அந்த எர்நெட் எந்தப் பக்கமும் சாயாமல் டி.சி.பி./ஐ.பி., ஓ.எஸ்.ஐ. இரண்டையும் ஒரே கம்பியில் ஓட்டியது. 1995 வாக்கில் பார்த்தால் ஏறக்குறைய எல்லாச் சரக்கும் டி.சி.பி./ஐ.பி. உறையில்தான் போய்க்கொண்டிருந்தது. தீர்ப்பு சொன்னது பயன்படுத்தியவர்கள்.

அந்த 1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது. மும்பை, தில்லி, கல்கத்தா, சென்னை. சென்னை வாசலைத் திருப்பூரிலிருந்து தட்ட வேண்டுமென்றால் எஸ்.டி.டி. போட்டுத்தான் தட்ட வேண்டும். அன்று கொடுத்த கணக்குகள் இரண்டு வகை. ஒன்று ஷெல் கணக்கு, இன்னொன்று டி.சி.பி./ஐ.பி. கணக்கு. பின்னது விலை கூடியது. ஏன் என்று கேட்டால் ‘அதில் படம் தெரியும்’ என்பார்கள். உண்மையான காரணம் அடுக்கில் இருக்கிறது. அதை நிதானமாகப் பார்க்கலாம்.

ஷெல் கணக்கில் இணையத்தோடு இணைந்திருப்பது உங்கள் கணினி அல்ல, வி.எஸ்.என்.எல். கணினி. உலகத்திலிருந்து வரும் பாக்கெட்டுகள் அதன் வாசலில் நின்றுவிடும். சாக்கைப் பிரிப்பது, பெட்டியைத் திறப்பது எல்லாம் அங்கேயே. உங்கள் கணினிக்கு வருவது அங்கே திரையில் ஓடும் எழுத்துகளின் எதிரொலி மட்டும். பாட்னா வியாபாரி தன் சரக்கைத் தன் கடைக்கு வரவழைக்காமல் லாரி ஆபீஸ் ஊழியருக்குப் போன் போட்டு, “பிரிச்சுப் பார்த்து என்ன கலர்னு சொல்லுங்க” என்று கேட்பது போல. பையர் அனுப்பிய டிசைன் வந்திருக்கும். கோப்பின் பெயர் தெரியும், அளவு தெரியும், படம் தெரியாது. அதை வேண்டுமென்றால் தனியாக இன்னொரு முறையில், எழுத்து ஓடும் அதே கம்பி வழியே, உங்கள் கணினிக்கு இறக்க வேண்டும். பாதி இறங்கும்போது லைன் கட்டானால் எஸ்.டி.டி. மீட்டர் ஓடியது மிச்சம்.

டி.சி.பி./ஐ.பி. கணக்கில் ஐ.பி. பாக்கெட் உங்கள் மேசை வரைக்கும் வரும். இணைப்பு இருக்கும் நேரத்துக்கு உங்கள் கணினிக்கே ஒரு முகவரி. மிலானில் இருக்கும் கணினியும் உங்கள் கணினியும் நேருக்கு நேர், வி.எஸ்.என்.எல். வழியில் நிற்கும் லாரி ஆபீஸ் மட்டும். விலை வித்தியாசத்தில் நீங்கள் வாங்கியது வேகம் அல்ல. சாக்கைத் தன் கடையில் வைத்துப் பிரிக்கும் உரிமை.

இந்த விலை வித்தியாசத்துக்கு இளைஞர்கள் கண்ட வழியைச் சொல்லாமல் போனால் இந்த வரலாறு முழுமையாகாது. ஸ்லர்ப் என்று ஒரு நிரல் இருந்தது. ஷெல் கணக்கில் நுழைந்து அதை ஓட்டினால், எழுத்து மட்டும் ஓட வேண்டிய அந்தக் கம்பியில் ஐ.பி. பாக்கெட்டுகளைச் சுருட்டி வைத்து அனுப்பும். மலிவுக் கணக்கிலேயே படத்தோடு இணையம் பார்த்துவிட்டார்கள் மாணவர்கள். இது முடிந்ததற்குக் காரணம் ஒன்றுதான்: ஐ.பி. தன்னை யார் தூக்குகிறார்கள் என்று கேட்பதே இல்லை. லாரியில் ஏறும், சைக்கிள் கேரியரில் வைத்தாலும் ஏறும்.

பிறகு நடந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். 1998 நவம்பரில் தனியார் இணையச் சேவைக்குக் கதவு திறந்தது. சென்னையின் சத்யம் ஆன்லைன் அப்போதே வந்தது. தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர் முளைத்தது. ஐ.எஸ்.டி.என். வந்தது, போனது. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். அதே பழைய தொலைபேசிச் செம்புக் கம்பியில் பிராட்பேண்ட் கொடுத்தது. பிறகு கண்ணாடி இழை, 3ஜி, 4ஜி. இருபது ஆண்டுகளில் கீழ் அடுக்கு ஐந்தாறு முறை தலைகீழாக மாறிவிட்டது. அந்த இருபது ஆண்டில் மெயில் அனுப்பும் முறை மாறவில்லை. பையரின் மெயில் முகவரி மாறவில்லை. சென்னையில் ஏதோ ஒரு கட்டடத்தில் எந்திரத்தை மாற்றினார்கள் என்பதற்காகத் திருப்பூரில் ஒரு மெர்ச்சண்டைசர் புதிதாக எதையும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. மேலேயும் அப்படித்தான்: 2016-ல் யு.பி.ஐ. வந்தபோது அதற்கென்று யாரும் புதுக் கம்பி இழுக்கவில்லை. காதர்பேட்டைக் கல்லாவில் இருக்கும் பெட்டி பணம் வந்ததைக் குரலில் சொல்கிறதே, அதன் செய்தியும் 1981-ல் எழுதி வைத்த அதே ஐ.பி. உறை முறையிலிருந்து வளர்ந்த வழியில்தான் வருகிறது.

இந்த ஊர்க்காரர்களுக்கு இது அந்நியமான யோசனை அல்ல. நிட்டிங் ஓரிடம், டையிங் ஓரிடம், காம்பாக்டிங், பிரின்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று ஒரு டி-ஷர்ட்டைப் பல கம்பெனிகள் ஜாப் ஒர்க்காகப் பிரித்துக்கொண்டு செய்யும் ஊர் இது. டையிங்காரருக்குத் துணியோடு வரும் சலானில் எடை இருக்கும், கலர் இருக்கும். எந்த நாட்டுக்குப் போகும் ஆடை என்று இருக்காது. தேவையும் இல்லை. ஒருவர் எந்திரத்தை மாற்றினால் அடுத்தவர் பாதிக்கப்படுவதில்லை. சின்ன முதலீட்டில் ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொண்டு ஒருவர் நுழைய முடிந்தது இதனால்தான்.

அந்த ஏற்பாட்டின் இருட்டும் இங்கே தெரியும். அடுக்காகப் பிரித்தால் கீழடுக்கு மேலே இருப்பவர் கண்ணில் படாது. ஐரோப்பாவில் டி-ஷர்ட்டைக் கையில் எடுப்பவருக்கு நொய்யல் ஆறு தெரியாது. சாயக்கழிவு ஆற்றில் இறங்கி ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியதும், கீழே உள்ள விவசாயிகள் வழக்குக்கு அலைந்ததும், 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும் சலானில் வராத சங்கதிகள். பட்டறைகள் நின்றபோதுதான் மேலே உள்ள எல்லா அடுக்குக்கும் கீழடுக்கு எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. தெரியாமல் இருப்பதை வசதி என்று எழுதிக்கொண்டு வந்த எனக்கு இந்த இடத்தில் கை நிற்கிறது.

வலையிலும் ஒருமுறை அப்படிக் கீழடுக்கு கண்ணில் பட்டது. 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாண்ட்ரியா அருகே கடலுக்கு அடியில் சீ-மீ-வீ 4, ஃபிளாக் என்ற இரண்டு கேபிள்கள் அறுந்தன. இந்தியாவிலிருந்து மேற்கே போகும் கொள்ளளவில் பெரும்பகுதி ஒரே நாளில் போயிற்று. திருப்பூரின் பையர்களில் பெரும்பாலோர் இருக்கும் திசை அது. வழியும் செய்தியும் ஒரே கட்டியாக இருந்திருந்தால் கப்பல் போய்க் கேபிளை ஒட்டும்வரை பேச்சு நின்றிருக்கும்.

ஐ.பி.க்கு அந்தக் கவலை இல்லை. அதன் உறையில் போய்ச் சேர வேண்டிய முகவரி இருக்கிறது. எந்த வழி என்று எழுதவில்லை. ரூட்டர்கள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொண்டன, மேற்கு வழி அடைத்துவிட்டது என்று. பாக்கெட்டுகள் சும்மா திரும்பிவிடவில்லை, கிழக்கே இடம் இருந்த கேபிள்களில் நிறுவனங்கள் அவசரமாக இடம் பிடிக்க வேண்டியிருந்தது, இருந்த இடத்தில் நெரிசல், பாக்கெட்டுகள் நசுங்கித் தொலைந்தன. தொலைந்தவற்றை டி.சி.பி. மறுபடி மறுபடி அனுப்பியது. ஒப்புகை வரத் தாமதமானதைப் பார்த்துத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது. எந்தக் கேபிள் அறுந்தது என்று அதற்குத் தெரியாது.

மேற்கே போக வேண்டிய சாக்குகள் கிழக்கே திரும்பி, சிங்கப்பூர் வழியாக, பசிபிக்கைத் தாண்டி, அமெரிக்காவைக் குறுக்கே கடந்து, அட்லாண்டிக் வழியாக ஐரோப்பாவுக்குள் பின்வாசலில் நுழைந்தன. அன்று அனுப்பிய ஒரு சைஸ் சார்ட் அப்படி பூமியைச் சுற்றிப் போயிருந்தாலும், மறுமுனையில் திறந்தபோது மார்பளவு 52 சென்டிமீட்டர் என்றால் 52 சென்டிமீட்டர்தான்.

அந்தச் சாக்கின்மேல் இருக்கும் 32 பிட் முகவரியை யார் யாருக்குக் கொடுத்தார்கள், இந்தியாவுக்கு 144.16 வந்த பிறகு என்ன ஆயிற்று, முகவரி தீர்ந்துபோனபோது ஒரே முகவரிக்குப் பின்னால் ஒரு தெருவே எப்படிக் குடியேறியது என்பது அடுத்த அத்தியாயத்தில்.

(தொடரும்)